600 டாக்காவும் ஒரு பஸ் பயணமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

"ஊர்ல வேலை இல்லைன்னா வெளியூர் போய்ப் பொழைக்க வேண்டியதுதானே?" டீக்கடையில, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல, ஆபீஸ் கேன்டீன்ல, எங்கேயாவது இதை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. கேட்கிறவருக்கு அது கேள்வியே கிடையாது, தீர்ப்பு. போகாதவன் சோம்பேறி, அவ்ளோதான்.

இன்னைக்கு அதை நிஜமாகவே ஒரு கேள்வியா எடுத்துக்கப் போறோம். வெளியூர் போனால் வயிறு நிறையும். போக வழியும் இருக்கிறது. அப்படியிருந்தும் பட்டினி கிடக்கிற ஒரு குடும்பம் ஏன் கிளம்புவதில்லை? இதைச் சும்மா உட்கார்ந்து யோசிக்காமல், ஊர் ஊராகப் போய்ச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அது நடந்த இடம் வங்கதேசத்தின் வடமேற்கில் இருக்கும் ரங்பூர் பகுதி.

அந்தப் பகுதியில் 'மோங்கா' என்று ஒரு சொல் உண்டு. பஞ்ச காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது என்றைக்கோ ஒருமுறை வரும் பஞ்சம் கிடையாது. வருஷா வருஷம், காலண்டரில் குறித்து வைத்த மாதிரி செப்டம்பரில் வரும், நவம்பர் வரை இருக்கும். காரணம் எளிமையானது. அங்கே முக்கியமான பயிர் ஆமன் நெல். ஜூலை, ஆகஸ்டில் நடவு முடிந்துவிடும். அறுவடை நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோதான். நடுவில் வயலில் வேலையே இல்லை. சொந்த நிலம் இல்லாத கூலிக்காரருக்கு இந்த இரண்டு மூன்று மாதமும் வருமானம் கிடையாது. அதே நேரத்தில் பழைய நெல் தீர்ந்துகொண்டே வருவதால் அரிசி விலை ஏறும். கூலி இறங்கும்போது அரிசி ஏறுகிறது. வேளைக்கு ஒரு கை குறைத்துச் சாப்பிட்டுத்தான் நாளைத் தள்ளணும்.

இவ்வளவுக்கும் டாக்கா ஒரு பஸ் தூரம்தான். 300 கிலோமீட்டருக்கு மேலே, ஆனாலும் ஒரே பஸ். அங்கே அதே மாதங்களில் ரிக்‌ஷா ஓட்டலாம், கட்டட வேலைக்குப் போகலாம். போகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து யாரும் போகவில்லை.

காரட் பிரையன், ஷ்யாமல் சௌத்ரி, அகமது முஷ்ஃபிக் மொபாரக் என்று மூன்று பொருளாதார ஆய்வாளர்கள். 2008 மோங்கா சமயத்தில் குரிகிராம், லால்மோனிர்ஹாட் மாவட்டங்களில் 100 கிராமங்கள், 1,900 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இது ரொம்பப் பிடித்த மாதிரி சோதனை. நம்ம ஏ/பி டெஸ்டிங் போலவே கிராமங்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 600 டாக்கா இலவசப் பணம், அன்றைய மதிப்பில் எட்டரை டாலர். போய் வர பஸ் காசும், இறங்கிய பிறகு சில நாள் சாப்பாட்டுச் செலவும் ஆகிற தொகை. வீட்டில் ஒருவராவது வெளியூர் போகணும், அதுதான் நிபந்தனை. இன்னொரு பிரிவுக்கு அதே தொகை வட்டியில்லாக் கடனாக. மூன்றாவது பிரிவுக்குப் பணம் கிடையாது, தகவல் மட்டும்: எந்த ஊரில் என்ன வேலை, என்ன கூலி. நான்காவது பிரிவுக்கு எதுவும் இல்லை.

எதுவும் தராத கிராமங்களில் 36 சதவீத வீடுகளிலிருந்து ஆள் கிளம்பியது. பணம் கொடுத்த இடத்தில் 59 சதவீதம். கடன் கொடுத்த இடத்தில் கிட்டத்தட்ட 57. தகவல் மட்டும் கொடுத்த இடத்தில்? அதே 36. அதாவது நிபுணர்கள் வந்து "டாக்காவில் வேலை இருக்கு, கூலி இவ்வளவு" என்று சொன்னதால் ஒரு ஆள்கூடக் கூடுதலாகக் கிளம்பவில்லை.

இந்தத் தகவல் விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம். அதற்கு முன்னால் முடிவு என்ன ஆச்சுன்னு பார்த்துடலாம். அந்தப் பணத்தால் கிளம்பியவர்களின் குடும்பங்களில் சாப்பாடு உள்ளிட்ட நுகர்வு சுமார் 30 சதவீதம் கூடியது. 600 டாக்காவுக்கு இது பெரிய பலன். அடுத்த வருஷம் யாரும் பணம் தரவில்லை. அப்போதும் அந்தக் கிராமங்களிலிருந்து மற்ற கிராமங்களைவிட அதிகம் பேர் கிளம்பினார்கள். அதுவும் முதல் தடவை போன அதே ஊருக்கே திரும்பப் போகிற போக்கு தெரிந்தது.

அப்படியென்றால் புதிர் இன்னும் சிக்கலாகிறது. இவ்வளவு லாபம் என்றால் அவர்களே முன்னாடியே போயிருக்கலாமே?

பொருளாதாரப் பாடத்தில் இடப்பெயர்வுக்குச் சொல்லப்படும் பிரபலமான கணக்கு ஒன்று உண்டு. 1970இல் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டோடாரோவும் முன்வைத்தது. நகரத்தில் கிடைக்கும் கூலியை, வேலை கிடைப்பதற்கான வாய்ப்பால் பெருக்கு. வருகிற எண் கிராமத்து வருமானத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஆள் கிளம்புவான். நகரத்தில் வேலையில்லாதவர்கள் கூட்டமாக நின்றாலும் ஏன் மேலும் மேலும் ஆட்கள் வருகிறார்கள் என்பதை இது அழகாக விளக்கியது. ஆனால் ரங்பூரில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. கணக்குப்படி எல்லோரும் போயிருக்கணும்.

பிரச்சினை சராசரியில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஊரிலேயே இருந்தால் உங்கள் குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய். உயிரோடு இருக்கக் குறைந்தபட்சம் 90 வேண்டும். வெளியூர் போனால் பத்தில் ஒன்பது தடவை 150 கிடைக்கும். பத்தில் ஒரு தடவை வேலை அமையாது, பஸ் காசும் போய்க் கையில் 60தான் மிஞ்சும். சராசரி 141. எக்செல் ஷீட்டில் போட்டால் போவதுதான் சரி.

ஆனால் அந்தப் பத்தாவது தடவை 60 என்றால் என்ன? 90க்குக் கீழே என்றால் என்ன? வீட்டில் குழந்தைக்குச் சோறு இல்லை என்று அர்த்தம். சராசரி 141 என்பது நூறு குடும்பங்களைச் சேர்த்துப் பார்க்கிற அரசாங்க அதிகாரிக்குத்தான் தெரியும். ஒரு குடும்பத்துக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. 150ஆ, 60ஆ, ரெண்டில் ஒன்று. 141 என்று ஒன்றை அந்த வீட்டில் யாரும் கண்ணால் பார்க்கப் போவதே இல்லை.

நம்ம வேலையில் ரோல்பேக் வசதி இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்கூட டெப்ளாய் பண்ணிடுவோம் (பண்ணாதீங்க, சும்மா சொன்னேன்). ரோல்பேக் இல்லாத சிஸ்டத்தில், ஒரு பட்டனைத் தொடுவதற்கே கை நடுங்கும். கோடை விடுத்து அப்படியே இருக்கட்டும் என்போம். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்வதில்லை, எச்சரிக்கை என்கிறோம். 600 டாக்கா செய்தது அதுதான்: தோற்றுத் திரும்பினாலும் 90க்குக் கீழே போகாமல் ஒரு தரை போட்டுக் கொடுத்தது. வறுமைக் கோட்டின் ஓரத்தில் இருந்த வீடுகள்தான் அந்தப் பணத்துக்கு அதிகமாக அசைந்தன என்பதையும் ஆய்வில் பார்த்தார்கள்.

இப்போ அந்தத் தகவல் விஷயத்துக்கு வருவோம். 1921இல் ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு வித்தியாசத்தை எழுதினார். பகடை உருட்டினால் ஆறு விழுமா என்பது ரிஸ்க். விழுமா என்று தெரியாது, ஆனால் ஆறில் ஒரு வாய்ப்பு என்பது தெரியும். பகடைக்கு எத்தனை முகம் என்பதே தெரியாவிட்டால்? அதை அவர் நிச்சயமின்மை என்று தனியாகப் பிரித்தார். ரிஸ்க்குக்குக் கணக்குப் போடலாம், இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். நிச்சயமின்மைக்கு எண் போட முடியாது.

டாக்காவில் ரிக்‌ஷாக்காரருக்குச் சராசரியாக இவ்வளவு கிடைக்கும் என்பது பொதுத் தகவல். கிராமத்து ஆளுக்கு இருக்கிற கேள்வி வேற. நான் போய் இறங்கினால் என்னை நம்பி யார் வண்டி கொடுப்பார்? வாடகைக்கு வண்டி விடுகிற முதலாளிக்கு என் முகமே தெரியாதே. நான் வண்டியோடு ஓடிவிட மாட்டேன் என்று அவருக்கு யார் உத்தரவாதம் சொல்வது? எனக்கு அந்த வேலை ஒத்துவருமா, உடம்பு தாங்குமா? இதற்கெல்லாம் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் பதில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் போய் ஜெயித்து வந்தால்கூட அது அவனுக்குக் கிடைத்த பதில், எனக்குக் கிடைத்தது ஆகாது. நானே ஒரு தடவை போய்ப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த வருஷம் பணம் தராமலேயே போனவர்கள் ஏன் அதே ஊருக்குப் போனார்கள் என்பது இப்போ புரியுதா? முதல் பயணத்தில் அவர்கள் சம்பாதித்தது கூலி மட்டும் இல்லை. அந்த ஊரில் தன்னை அறிந்த ஒரு முதலாளியையும் சேர்த்துச் சம்பாதித்திருந்தார்கள்.

ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தார்கள், எனக்கு அது பிடிச்சிருந்தது. "சரி, அவ்வளவு பயமாக இருந்தால் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருக்கலாமே?" என்ற கேள்வி வருமில்லையா. தங்கள் மாடலில் சேமிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, எண்கள் முழுமையாகப் பொருந்தவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பயம் என்ற ஒரே காரணம் மிச்சம் வைத்த இடம் அது. கடைசியில் அதற்கும் வருவோம்.

இப்போ கொஞ்சம் நம்ம பக்கம். தோற்றால் தாங்கிப் பிடிக்க ரங்பூரில் 600 டாக்கா இருந்தது. இந்தியக் கிராமங்களில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரர்களும் சாதிக்காரர்களும். மழை பொய்த்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், பேங்க் வாசலுக்கு யாரும் போவதில்லை, பங்காளி வீட்டுக்குத்தான் போகிறார்கள். கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைகும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆண் ஒருவர் நிரந்தரமாக நகரத்துக்குப் போய்விட்டால், அவர் என்ன சம்பாதிக்கிறார் என்று ஊருக்குத் தெரியாது. கஷ்டத்தில் கை கொடுப்பாரா என்ற நம்பிக்கை தேயும். அவருடைய வீட்டுக்கு வருகிற கைமாற்றும் குறையும். அதனால் என்ன நடக்கிறது என்றால், விவசாய வருமானம் அதிகம் ஆடுகிற வீடுகளிலிருந்துதான் ஆண்கள் குறைவாக வெளியேறுகிறார்கள். நாம நினைப்பதற்கு நேர் எதிர். ஊரில் ஆபத்து கூடக்கூட, ஊரின் பாதுகாப்பு வலை அதிகம் தேவைப்படுகிறது. அதனால் ஊரை விட முடிவதில்லை. அந்த வலை சாதியால் பின்னப்பட்டது என்பதை நாம் அழகுபடுத்த வேண்டியதில்லை. கை கொடுக்கிற அதே கைதான் சட்டையைப் பிடித்து இழுத்தும் வைக்கிறது.

அப்போ ஊரை விட்டு வெளியே போனவர்கள் யார்? பெண்கள். இதே ரோசன்ஸ்வைக், ஓடெட் ஸ்டார்க்குடன் சேர்ந்து 1989இல் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம், வறண்ட பகுதிக் கிராமங்களில் வருஷக்கணக்கில் சேகரித்த தகவல்களை வைத்து எழுதியது. இந்தியாவில் ஊர்விட்டு ஊர் போகிறவர்களில் பெரும்பகுதி கல்யாணம் ஆகிப் போகிற பெண்கள். அந்தக் கல்யாணங்கள் ஏன் தள்ளித் தள்ளி நடக்கின்றன என்று கேட்டார்கள். வருமானம் நிலையில்லாத வீடுகள் பெண்ணைத் தூரத்து ஊரில் கொடுக்கின்றன. பக்கத்து ஊரில் கொடுத்தால், இங்கே மழை பெய்யாத வருஷம் அங்கேயும் பெய்யாது. சம்பந்தி வீடும் சேர்ந்து காயும். வேற வானத்துக்குக் கீழே ஒரு சம்பந்தி இருந்தால் இந்த வருஷம் அவர் தருவார், அடுத்த வருஷம் நாம் தரலாம். நம்ம பாஷையில் சொன்னால் டைவர்சிஃபிகேஷன். அந்தப் போர்ட்ஃபோலியோவில் வைக்கப்பட்டது ஒரு பெண்ணின் வாழ்க்கை, அவளைக் கேட்டுத்தான் வைத்தார்களா என்பது இந்தக் கட்டுரையின் எண்களில் வராது.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து அமல் என்றார்கள். பிறகு நெடுஞ்சாலைகளில் என்ன பார்த்தோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இருந்த இடத்திலேயே இருக்கலாமே, ஏன் நடக்கிறார்கள்?" என்று அப்போதும் கேட்டார்கள். அவர்கள் நகரத்தில் வேலை பார்த்தார்கள், ஆனால் அவர்களுடைய இன்ஷூரன்ஸ் ஊரில் இருந்தது. ரேஷன் கார்டும் ஊரில்தான் இருந்தது. எந்த மாநிலத்திலும் அரிசி வாங்கலாம் என்ற ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் எல்லா மாநிலங்களும் சேர்ந்து முடிக்க 2022 ஆகிவிட்டது.

அடுத்து ஒரு பழைய கதை. தமிழர்களுக்கு ரொம்ப நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் லட்சக்கணக்கானவர்கள் போனார்கள். அந்தக் காலத்து நிச்சயமின்மையை நினைச்சுப் பாருங்க. படகில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைப் பக்கம் நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பலர் செத்தார்கள். போன் இல்லை, தெரிந்த முகம் இல்லை. இப்படியிருந்தும் எப்படிக் கிளம்பினார்கள்?

பஞ்சம் துரத்தியது என்பது ஒரு பாதி. இன்னொரு பாதி கங்காணி. ரங்பூர்க்காரர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் கங்காணியிடம் பதில் இருந்தது. அவர் பெரும்பாலும் அதே பக்கத்து ஆள், பலசமயம் சொந்தம், சாதி. தோட்டத்துத் துரையைத் தெரியும். வேலை உறுதி. கூட்டமாகப் போகிறோம். வழிச்செலவுக்கு முன்பணமும் தருவார். பொருளாதார மாடலில் போட்டுப் பார்த்தால் இதைவிடக் கச்சிதமான தீர்வு கிடையாது.

ஆனால் அந்த முன்பணம் யார் தலையில்? 600 டாக்கா தோற்றவனைத் தாங்கியது. கங்காணியின் முன்பணம் தோற்றவனைத் துரத்தியது. நோயில் படுத்தாலும் வேலைக்குப் போகாவிட்டாலும் கடன் நிற்கும், ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறணும் என்றால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் கூட்டிப் போகலாம் என்று எழுதிய சீட்டு. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இன்னைக்கு வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் கதையைக் கேட்டால், நான் முதலில் கேட்கிற கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது இல்லை. மூணாவது மாசமே திரும்பி வர வேண்டியிருந்தால் அந்தக் கடன் யாருடையது?

சரி, 600 டாக்கா திட்டம் கடைசியில் என்ன ஆச்சு?

எவிடன்ஸ் ஆக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனம் இதை எடுத்துப் பெரிதாக்கியது. வட்டியில்லாக் கடன், ஆயிரக்கணக்கான குடும்பங்கள். 2017இல் பெரிய அளவில் நடத்தி, மறுபடியும் சோதித்துப் பார்த்தபோது, கடன் கொடுத்த ஊர்களில் இடப்பெயர்வு கூடவே இல்லை. 2019இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். தங்கள் திட்டம் வேலை செய்யவில்லை என்று ஒரு நிறுவனம் தானே அறிவித்து மூடுவது அபூர்வம். நான் அதை ஒரு நல்ல போஸ்ட்மார்ட்டமாக மதிக்கிறேன். அதே சமயம் இதிலிருந்து "பணம் கொடுத்துப் பிரயோஜனமில்லை" என்று குதிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சின்ன அளவில் கவனமாக நடந்த ஒன்று, பெரிதானதும் மாறிப்போவது நமக்குத் தெரியாததா என்ன? லோக்கலில் ஓடுறது ப்ரொடக்‌ஷன்ல ஓடணும்னு என்ன கட்டாயம்.

அந்த மிச்ச இடத்தை நிரப்ப இன்னொரு ஆய்வு வந்தது. மொபாரக், டேவிட் லகாகோஸ், மைக்கேல் வா மூவரும் 2023இல் வெளியிட்டது. அதே ரங்பூர்க் குடும்பங்களிடம் இந்த மாதிரி வாய்ப்பு இருந்தால் போவீர்களா, அந்த மாதிரி இருந்தால் போவீர்களா என்று வேறு வேறு நிலைமைகளைச் சொல்லிக் கேட்டார்கள். கூலி இவ்வளவு, வேலை கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று மாற்றி மாற்றி. பதில்களில் தனியாகத் தெரிந்த ஒன்று, தங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பது. இருந்தால் போக விருப்பம் கூடியது. போனவர்கள் எங்கே தங்கினார்கள், எப்படித் தூங்கினார்கள் என்பது கூலிக் கணக்கில் வராமலே இருந்திருக்கிறது. பணம் கிடைத்தும் அடுத்த வருஷம் வேண்டாம் என்று சிலர் இருந்துவிட்டதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. போய்ப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க குடும்பத்துல முதல் தடவையா ஊரை விட்டுக் கிளம்பினது யாரு, அவங்க கையில அப்போ என்ன இருந்தது, போன இடத்துல யார் வீட்டுல இறங்கினாங்கன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சிலதைச் சேர்த்துக் கேட்போம்.